கீழே வைக்கிறேன், எடுத்துக்குங்க

புளியைக் கரைக்காமல் அப்படியே உருட்டி, செங்கல் பொடியில் தோய்த்துத் தேய்த்தால்தான் இந்தத் துரு போகும் அக்கா. எலுமிச்சம்பழம் என்றால் இன்னும் சுருக்காகப் போய்விடும். ஆனால் எனக்கு விரலெல்லாம் கீறல், எரியும். உட்காருங்க. அந்தச் சாக்கை இழுத்துப் போட்டு உட்காருங்க, தரை ஈரம். அதைத் தொடாதீங்க, இன்னும் எண்ணெய் போடவில்லை, கையெல்லாம் கறுப்பாகிவிடும்.

உங்கள் ஆட்கள் டீ குடித்து முடிப்பதற்குள் நானும் முடித்துவிடுவேன். அவர்தானே உங்களை அனுப்பினார்? "கத்தி வேணும்னா என் வீட்டுக்காரிகிட்ட கேளுங்க" என்றாரா? வேறு ஒன்றும் சொல்லவில்லையா? இல்லை, சும்மாதான் கேட்டேன்.

நான் ரொம்பப் பேச மாட்டேன் அக்கா. பவுன்தாய் என்று ஒருத்தி இருக்கிறாளா என்று இந்த ஊரில் கேட்டால், ஆமாம், வாய் இல்லாத பிள்ளை என்பார்கள். வெளி ஆள் வந்து நின்றால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். படிப்பும் அஞ்சாவதோடு சரி. கையில் வேலை இருந்தால் மட்டும் கொஞ்சம் பேச்சு வரும். கையைப் பார்த்துக்கொண்டே பேசலாம் இல்லையா, எதிராளி முகத்தைப் பார்க்க வேண்டாம். அதனால் நான் குனிந்தே பேசினால் மரியாதை தெரியாதவள் என்று நினைத்துவிடாதீங்க.

இந்தக் கத்திச் சாக்கு போன வருஷம் கட்டிப் பரணில் போட்டது. நேற்று அவர் வந்து கை கால் கழுவிவிட்டு, "நாளைக்கு மேல போறேன். ஒரு நாலு பேரு வந்துருக்காங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கொழுந்தன் போனதற்குப் பிறகு அவர் மலை ஏறவே இல்லை அக்கா. தேங்காய் சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் மூட்டை தூக்கப் போய்க்கொண்டிருந்தார். இப்போது என்ன நினைத்தாரோ, போகிறேன் என்கிறார். சரி, கத்திச் சாக்கை எடுக்கட்டுமா என்றேன். "அவங்களுக்கு வேணும்னா எடுத்துக் குடு. எனக்கு வேண்டாம்" என்றார்.

எனக்கு வேண்டாம் என்கிறார் அக்கா. காட்டுக்குள் வழி காட்டப் போகிற ஆள், இடுப்பில் கத்தி இல்லாமல் போகிறேன் என்கிறார். எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

எங்கே, உங்கள் கத்தியைக் காட்டுங்க. வேண்டாம், வேண்டாம், கையில் கொடுக்காதீங்க. கீழே வையுங்க. அந்தச் சாக்கு மேலேயே வையுங்க, நான் எடுத்துக்கொள்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதீங்க. கத்தியைக் கைக்குக் கை மாற்றக் கூடாது. உங்கள் பக்கம் அது கிடையாதா? உப்பைக் கூடக் கையில் கொடுக்க மாட்டார்களே. உப்பு கொடுத்தால் சண்டையோடு போகும். கத்தி அப்படி இல்லை, கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் நடுவில் இருக்கிறதையே அறுத்துவிடும். உங்களுக்கும் எனக்கும் நடுவில் என்ன இருக்கிறது, இப்போதுதானே பார்த்தோம் என்று நீங்கள் நினைக்கலாம். இருந்தாலும் வேண்டாம். நான் பட்டவள்.

அழகாக இருக்கிறது. எத்தனை நாக்கு இதற்கு. இது என்ன, கத்தரிக்கோலா? இது? பாட்டில் திறக்கிறதா? எங்கள் கொழுந்தன் பார்த்திருந்தால், "மதினி, இதுக்குள்ள ஒரு பாயும் தலகாணியும் இருந்தா நான் இதோடயே குடும்பம் நடத்திருவேன்" என்றிருப்பார். அப்படித்தான் பேசுவார். மொக்கராசு என்று பேர். அவருடைய தம்பி, உடன்பிறந்தவர். என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ மூத்தவராக இருப்பார், ஆனாலும் வாய் நிறைய மதினி என்றுதான் கூப்பிடுவார்.

இதையும் கொண்டு போங்க. பிஸ்கட் பாக்கெட் பிரிக்க ஆகும், பழம் நறுக்க ஆகும். ஆனால் ஒரு தடவை ஈரக் கையோடு திறந்து பாருங்க. இந்தச் சட்டித் தண்ணீரில் கையை முக்கிவிட்டுத் திறங்க. நகம் மாட்டவில்லை, இல்லையா? ம். அன்றைக்கு வந்த பையன்களும் இதே மாதிரிதான் வைத்திருந்தார்கள். அவர்களும் பாவம், படித்த பிள்ளைகள், எங்களுக்கும்தான் என்ன தெரிந்தது.

உங்களுக்கு மூன்று எடுத்து வைக்கிறேன், பாருங்க.

இது வெட்டரிவாள். முள்ளு, மூங்கில், விறகு எல்லாம் இதில்தான். கனமாக இருக்கிறது என்று முகம் சுளிக்காதீங்க, அந்தக் கனம்தான் வெட்டும், உங்கள் கை சும்மா தூக்கி விட்டால் போதும். பையில் வைக்கும்போது கோணியைச் சுற்றி அடியில் வையுங்க. முதுகுப் பக்கம் வைக்காதீங்க. முன்னே ஒரு தடவை வந்த ஒரு பையன் முதுகுப் பக்கம் வைத்து, உட்கார்ந்த இடத்தில் 'அம்மா' என்றானாம். அதற்குக் கொழுந்தன், "தம்பி, நாங்க சாமிக்குத்தான் கெடா வெட்டுவோம், நீயா வந்து படுத்துக்கிட்டா எப்புடி?" என்றாராம். வந்து சொல்லிச் சிரித்தார்.

இது சமையலுக்கு. வெங்காயம், தக்காளி, கருவாடு. முனை ஒடிந்திருக்கிறதே என்று பார்க்காதீங்க, நானேதான் முனையைத் தேய்த்துவிட்டேன். பைக்குள் குத்தாது.

மூன்றாவது இது. இதற்கு இங்கே இடுப்புக்கத்தி என்று பேர். கயிறு அறுக்க, கொடி அறுக்க, பை வார் அறுக்க. உறையோடு இடுப்பில் கட்டிக்கொள்வார்கள், எப்போதும் வலது கைப் பக்கம். இந்தப் பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது பாருங்க, அது நான் சுற்றியது. வேர்வையில் வழுக்கக் கூடாது என்று. இதற்கு ஜோடி ஒன்று இருந்தது. அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று ஒரே நாளில் ஒரே லாரி இரும்புப் பட்டையை வெட்டி அடித்தது. கொல்லர், "கல்யாணம் ரெண்டு பேருக்கும் ஒண்ணா, கத்திதான் ஒண்ணா?" என்று கேட்டாராம். கொழுந்தனுக்கு அப்போதுதான் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இது அவருடையது. கொழுந்தனுடையது ஓடையில் போய்விட்டது.

சொல்கிறேன் அக்கா. நீங்கள் அந்த வழியாகத்தான் போகப் போகிறீர்கள், சொல்லாமல் இருக்கக் கூடாது. சொல்ல வேண்டிய காரியம் ஒன்றும் இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன். நீங்கள் பொம்பிளை என்பதால் சொல்கிறேன்.

அன்றைக்கும் இதே மாதிரிதான். முதுகுப்பைக்காரர்கள் வந்திருந்தார்கள். உங்களைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம், தப்பாக நினைக்காதீங்க. ஒவ்வொரு பையும் ஒரு ஆள் உயரம். ஜீப் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் எப்போதும் கத்தி எடுத்து வைப்பேன். இரண்டு இடுப்புக்கத்தியையும் எடுத்து வைத்தேன். அதற்குள் அந்தப் பையன்களில் ஒருத்தன், "அண்ணா, எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு வச்சிருக்கோம், எதுக்கு வெயிட்டு" என்று தன்னுடையதை எடுத்து மடக்கி விரித்துக் காட்டினான். இவர் அதைப் பார்த்துவிட்டு, தன் கத்தியை ஆணியில் மாட்டிவிட்டார். "ஒண்ணு போதும். மொக்க வச்சிக்கிடட்டும்" என்றார்.

என் மகள் செவ்வந்தி அப்போது கைப்பிள்ளை. காய்ச்சல் விட்டும் விடாமலும் கத்திக்கொண்டிருந்தாள். இடுப்பில் அவள், ஒரு கைதான் எனக்குச் சும்மா இருந்தது. கொழுந்தன் ஜீப்பில் காலை வைத்துவிட்டு, "மதினி, என் கத்தி" என்று கையை நீட்டினார். ஜீப் நகர்கிறது அக்கா. நான் குனிந்து கீழே வைத்து, அவர் இறங்கிக் குனிந்து எடுத்து, அதெல்லாம் ஆகிற காரியமா? நீட்டின கையில் வைத்துவிட்டேன்.

இவர் பார்த்துவிட்டார். "என்னடி, கையில குடுக்குற?" என்றார். கொழுந்தன் சிரித்தார். "இருக்கட்டும்ணே. மதினிக்கும் எனக்கும் சண்டை வந்தா உனக்கு ஒரு ஆள் சோறு மிச்சம்" என்றார். எதிர் வீட்டு வாசலில் என் மாமியார் நின்றார். அவரும் பார்த்தார். ஜீப் போய்விட்டது.

அதுதான் அக்கா கடைசி.

திரும்பி வரும்போது மேலே மழை. இங்கே நல்ல வெயில், நான் மிளகாய் காயப்போட்டிருந்தேன். மேலே பெய்த மழைக்கு ஓடை பொங்கிவிட்டது. குறுக்கே ஒரு வழுக்குப்பாறை இருக்கிறது, பார்ப்பீர்கள், பாசி படிந்து பச்சையாக இருக்கும். மரத்துக்கு மரம் கயிறு கட்டி, ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு தாண்டினார்கள். கயிறு கட்டும்போது மிச்சத்தை அறுக்க அண்ணன் கேட்டாராம். தம்பி கத்தியை உருவிக் கீழே வைத்தார், அண்ணன் எடுத்து அறுத்துவிட்டுத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அதிலெல்லாம் ஒரு குறை கிடையாது. முறையாகத்தான் செய்தார்கள்.

கொழுந்தன்தான் கடைசி ஆள். தன் பையோடு, கால் சுளுக்கின ஒரு பையனின் பையையும் சேர்த்துப் போட்டிருந்தார். பாறை நடுவில் கால் போய்விட்டது. அந்தப் பைகளில் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வார் வருமே, உங்கள் பையிலும் இருக்கிறதே, அதே வார். அதில் கயிறு மாட்டிக்கொண்டது. தண்ணீர் பையை இழுக்கிறது, கயிறு ஆளை இழுக்கிறது. பாறை விளிம்பில் அப்படியே தொங்குகிறார். பை தண்ணீர் குடித்துக் கனத்துக்கொண்டே போகிறது. வாரை அறுத்துவிட்டால் பை போய்விடும், ஆள் நின்றுவிடும். அவ்வளவுதான் வேலை.

இவர் பாறையில் குப்புறப் படுத்து நகர்ந்து நகர்ந்து போனார். தம்பி நெஞ்சு வரைக்கும் கை எட்டவில்லை. தம்பி விரல் வரைக்கும்தான் எட்டுகிறது. அந்தப் பையன்கள் கரையில் நின்று ஆளுக்கொரு கத்தியை வைத்துக்கொண்டு நகத்தால் நெம்புகிறார்கள், ஈரத்தில் ஒன்றும் திறக்கவில்லை. கொழுந்தனுக்கு ஒரு கை கயிற்றில், ஒரு கை சும்மா. அந்தக் கையை நீட்டி, "அண்ணே, கத்தி" என்றார். பயந்து கத்தவெல்லாம் இல்லையாம். வீட்டில் வெற்றிலைப் பெட்டியைக் கேட்கிற மாதிரி கேட்டாராம்.

இவர் உருவி, தம்பி கைக்குப் பக்கத்தில் பாறை மேல் வைத்தார்.

பாசி அக்கா. வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நாலு விரலுக்கு அந்தப் பக்கமாகப் போனதாம். கொழுந்தன் அதைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தாராம். அப்புறம் கயிறு விட்டுவிட்டது.

கீழே இரண்டு ஓடை சேருகிற இடத்தில்தான் கிடைத்தார்.

இதையெல்லாம் இவர் போலீஸிடம் சொல்லவில்லை, ஊரிடமும் சொல்லவில்லை. "வழுக்கி விழுந்துட்டான்" என்று மட்டும்தான். என்னிடம்தான் சொன்னார், ஒரே ஒரு தடவை. கருமாதி முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கொல்லைப்புறத்தில் கை கழுவிக்கொண்டே சொன்னார். கழுவிக்கொண்டே இருந்தார். குடத்துத் தண்ணீர் முழுக்கத் தீர்ந்துவிட்டது. "கீழ வச்சேன் பவுனு. கீழ வச்சேன்" என்றார். நான், "நீங்க சரியாத்தான் செஞ்சீங்க" என்றேன். அதைத் தவிர நான் வேறு என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்க. அந்த அவசரத்திலும், உயிர் போகிற நேரத்திலும், அண்ணன் தம்பிக்குள் அறுந்துவிடக் கூடாது என்று முறை தவறாமல் கீழே வைத்தார் பாருங்க. வேறு யாராவது என்றால் மறந்திருப்பார்கள். எனக்கு அதை நினைத்தால் பெருமைதான். ஆனால் நான் அப்படிச் சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

குற்றம் எல்லாம் என் மேல்தான் அக்கா. உடம்பை வண்டியில் இருந்து இறக்கும்போதே மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "கையில குடுத்தாளே, கையில குடுத்தாளே" என்றுதான் அழுதார். மகன் பேரைச் சொல்லி அழவில்லை. நான் கொடுத்ததைச் சொல்லித்தான் அழுதார். ஊரே கேட்டது. இன்றைக்கும் அந்த வாசல் பக்கம் நான் போகக் கூடாது. செவ்வந்தியை மட்டும் கூப்பிட்டு முறுக்கு கொடுப்பார், என்னைப் பார்த்தால் கதவு சாத்திவிடும்.

மாமியார் சொல்வதில் தப்பு இல்லை. கொடுத்தது நான்தானே. ஆனால் எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. இடுப்பில் காய்ச்சல் பிள்ளையை வைத்திருக்கிறவள் குனியவில்லை என்பதைக் கூடவா ஒரு சாமி கணக்கில் எடுக்கும்? தெரிந்து கொடுத்தால் சரி, தண்டனை கொடு. வண்டி நகர்கிறது, பிள்ளை அழுகிறது, நான் என்ன செய்வேன்? கோயில் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். பூசாரி தீபாராதனையை எனக்கு மட்டும் காட்டாமல் உள்ளே போய்விட்டார். அவர் கவனிக்காமல் போயிருக்கலாம். தெரியவில்லை.

கொஞ்சம் நகருங்க, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொள்கிறேன். தேங்காய் எண்ணெய்தான். சும்மா ஒரு பூச்சு பூசினால் போதும், மலை ஈரத்துக்குத் துரு ஏறாது.

அவர் இப்போது கத்தியையே தொடுவதில்லை. மாம்பழத்தைக் கடித்துத்தான் சாப்பிடுவார். பீடிக்கட்டு நூலைப் பல்லால் அறுப்பார். கிட்டங்கியில் தேங்காய் உரிக்கப் போட்டார்களாம், மாட்டேன், மூட்டையே தூக்குகிறேன் என்று சொல்லிவிட்டார். நான் வெங்காயம் நறுக்கினால் எழுந்து வெளியே போய்விடுவார். எனக்குப் புரியாமல் இல்லை அக்கா. கத்தியைப் பார்த்தால் என் ஞாபகம் வருகிறது, நான் கொடுத்த ஞாபகம் வருகிறது. வாய் திறந்து திட்டினால் கூடத் தேவலை. அடித்தால் கூடப் பரவாயில்லை. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனால் நான் எதைப் பிடித்துக்கொள்வது?

போன மாதம் ஒன்று நடந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. என் அண்ணனுக்குத் தெரிந்தால் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

நான் அடுப்படியில் இருந்தேன். செவ்வந்தி இப்போது தத்தித் தத்தி எல்லா இடத்துக்கும் போகிறாள். காய் நறுக்குகிற கத்தியை எப்படியோ எடுத்து, உட்கார்ந்திருந்த அப்பாவிடம் கொண்டுபோய், "ந்தா" என்று நீட்டியிருக்கிறாள். அவர் கையை நீட்டி வாங்கிவிட்டார். பிள்ளை கையில் இருந்து, நேராக. ஓடிப்போய்ப் பிள்ளை கையில் ஒரு அடி வைத்தேன். "கீழ வைக்கணும், கீழ வைக்கணும்னு எத்தன தடவ சொல்றது?" என்று இன்னொரு அடி வைத்தேன். அது வீல் என்று கத்துகிறது.

அவர் எழுந்து வந்தார். கத்தி அவர் உள்ளங்கையில் இருந்தது. பிடி என் பக்கம் இருந்தது. "வாங்கு" என்றார்.

"கீழ வைங்க" என்றேன்.

"கையில வாங்கு பவுனு."

"என்னங்க பேசுறீங்க?"

"ஒரு தடவ. ஒரே ஒரு தடவ என் கையில இருந்து வாங்கிரு."

அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது அக்கா. எனக்கு விளங்கிவிட்டது. என்னைத் தீர்த்துவிடப் பார்க்கிறார். பஞ்சாயத்து, பத்துப் பேர், பேச்சு வார்த்தை எதுவும் இல்லாமல், அவருக்கும் எனக்கும் நடுவில் இருக்கிறதை அந்தக் கத்தியே அறுத்துவிடட்டும் என்று பார்க்கிறார். என் கையால் தம்பிக்கு வந்த வினை, அவர் கையால் எனக்கு வரட்டும் என்று. நல்ல மனுஷர், வாயால் போ என்று சொல்ல மனம் வரவில்லை. நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டேன். "வாங்க மாட்டேன். செத்தாலும் வாங்க மாட்டேன். என்னையும் என் புள்ளையையும் விட்டுறாதீங்க" என்று அழுதேன்.

அவர் குனிந்து கத்தியைத் தரையில் வைத்தார். வைத்துவிட்டு அதையே பார்த்தார். "இங்க கெடக்குது பாரு" என்றார். "வீட்டுத் தரையில வச்சா கெடக்குது."

அதற்கு என்ன அர்த்தமோ. வீட்டுத் தரையில் வைத்தால் கிடக்காமல் எங்கே போகும்? சில நேரம் இப்படித்தான் பேசுகிறார். அன்றைக்கு வெளியே போனவர் இருட்டித்தான் வந்தார். நான் மந்திரித்துக் கயிறு வாங்கி அவர் தலையணைக்குள் தைத்து வைத்திருக்கிறேன், அது அவருக்குத் தெரியாது.

நேற்று மேலே போகிறேன் என்றதும் எனக்கு அதுதான் பயம். அந்தப் பாறைக்குப் போகிறார். கையில் கத்தி இல்லாமல் போகிறார். திரும்பி வர வேண்டும் என்று நினைக்கிறவர் கத்தி இல்லாமல் போவாரா அக்கா? நீங்கள் பயப்படாதீங்க, உங்களை எல்லாம் பத்திரமாகத் தாண்ட வைத்துவிடுவார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. எல்லோரையும் தாண்ட வைத்துவிட்டு, கடைசி ஆளாக அவர் நிற்பாரே, அதைத்தான் சொல்கிறேன்.

அதனால் ஒரு காரியம் செய்வீங்களா? முதலிலேயே கேட்க வாய் வரவில்லை. இந்த இடுப்புக்கத்தி இருக்கிறதே, இதை உங்கள் பைக்குள் வைத்துக்குங்க. அடியில் வேண்டாம், மேலே, கை விட்டதும் எடுக்கிற மாதிரி. அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் வாங்கித் திண்ணை மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். இறங்கும்போது ஓடையில் தண்ணீர் இருந்தால், கயிறு கட்டினால், அவருக்கு ஏதாவது என்றால், அப்போது எடுங்க. நீங்கள் கொடுத்தால் வாங்குவார். நான் கொடுத்ததாகச் சொல்ல வேண்டாம்.

வைத்துக்கொள்கிறீர்களா? நல்லா இருப்பீங்க. உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா? இல்லையா. வரும், வரும்.

இருங்க, உறையில் போட்டு, துணியும் சுற்றிவிடுகிறேன். டியூப் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. இது வழுக்காது அக்கா, கையில் பிடித்துவிட்டால் சாமி சத்தியமாக வழுக்காது. இந்தா முடிந்தது. கையை நீட்டாதீங்க, எத்தனை தடவை சொல்வது. கீழே வைக்கிறேன், எடுத்துக்குங்க. ம், அப்படி.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா? முகம் ஏன் இப்படிப் போகிறது? கதையைக் கேட்டுப் பயந்துவிட்டீர்களா? என்ன, பாறையா? பாறையாக இருந்தால் என்ன அக்கா? கீழே என்றால் பாறையும் கீழேதானே.

அந்தா, அவர் சத்தம். உங்கள் ஆட்கள் பை மாட்டுகிறார்கள் போல. வர்றேங்க! இந்தா வந்துட்டேன்! என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், கேட்டீர்களா? எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா அவர் வாசலில் நின்று என் பேரைச் சொல்லி. அந்த வெட்டரிவாளையும் எடுத்துக்குங்க, சமையல் கத்தி அதோ. பிள்ளை வேறு முழித்துவிட்டது, அழுகிறாள். வர்றேன்னு சொல்றேன்ல! அக்கா, நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. எவ்வளவு அவசரமாக இருந்தாலும், அவரே கையை நீட்டிக் கேட்டாலும், கொடு கொடு என்று கத்தினாலும், நீங்கள் முறையை விட்டுவிடாதீங்க, அவர் பக்கத்தில் கீழே வைத்துவிட்டுக் கையை எடுத்துக்குங்க, அவராக எடுத்துக்கொள்ளட்டும், கையில் மட்டும்